இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரு பொறியாளரும்

கடைக்குப் போய் நல்ல ஒலிபெருக்கி கேட்டால் ஜோடியாகத்தான் எடுத்துத் தருவார்கள். காதில் மாட்டும் ஹெட்ஃபோனிலும் இடது, வலது என்று குறி இருக்கும். ஏன் இரண்டு என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. செருப்பு ஜோடியாக இருப்பதைப் போல இதுவும் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு தேதி உண்டு. 1931ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் தேதி, பிரிட்டனில் 28 வயதுப் பொறியாளர் ஒருவர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவர் பெயர் ஆலன் டவர் புளூம்லைன். நாம் இன்று ஸ்டீரியோ என்று சொல்வதை அவர் பைனாரல், அதாவது இரு செவிக்குரிய ஒலி என்று அழைத்தார்.

நான் பல்கலைக்கழகத்தில் மின்னியல் பொறியியல் படிக்கிறேன். இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் புளூம்லைன் வடிவமைத்த ஒரு மின்சுற்றை வரையாமல் யாரும் தேர்வு எழுத முடியாது. ஆனால் பாடக்குறிப்பில் அவர் பெயர் இல்லை. அந்தப் பெயரை நான் சந்தித்தது வேறு வழியில். மேற்கத்திய செவ்விசை கேட்பவர்களிடம் ஓயாத விவாதம் ஒன்று உண்டு: விலை உயர்ந்த ஒலிபெருக்கி வாங்கியாகிவிட்டது, அதற்கு எந்த ஆம்பிளிஃபையர் பொருந்தும்? வால்வா, டிரான்சிஸ்டரா? எத்தனை வாட்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், திருப்பத்துக்குத் திருப்பம் இந்த மனிதர் நிற்கிறார்.

மணியைப் பழுதுபார்த்த சிறுவன்

ஆலன் 1903ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி லண்டனின் ஹாம்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். தந்தை செம்மி புளூம்லைன் ஜெர்மனியில் பிறந்து பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். தாய் ஜெசி, தென்னாப்பிரிக்காவுக்குச் சமயப் பணிக்குச் சென்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் மகள். தந்தை ஜெர்மனியில் பிறந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசிப் பகுதியில் அதற்கு ஒரு கனம் வரும்.

ஏழு வயதில் வீட்டு அழைப்பு மணியைப் பழுதுபார்த்துவிட்டு, மின்பொறியாளர் என்று தம் பெயருக்குக் கீழே எழுதி, தந்தையிடம் ரசீது நீட்டினாராம் ஆலன். அதே சமயம், 12 வயது வரை அவருக்குச் சரளமாக வாசிக்க வராது என்று அவருடைய சகோதரி பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த வயதில் தமக்கு இருபடிச் சமன்பாடுகள் தெரிந்திருந்தன என்பது ஆலனின் பதில். வாசிப்பில் பின்தங்கிய தம்பி தங்கைகள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லலாம். ஆனால் சமன்பாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஹைகேட் பள்ளியில் படித்து, உதவித்தொகையுடன் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த சிட்டி அண்ட் கில்ட்ஸ் கல்லூரிக்குப் போனார். 1923இல் முதல் வகுப்பில் பட்டம். அடுத்த ஆண்டு தொலைபேசி நிறுவனம் ஒன்றில் வேலை. நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பிகளில் ஒருவர் பேச்சு அடுத்தவர் கம்பியில் கசிந்து கேட்பதைக் குறைப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. கேட்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் இரண்டு கம்பிகளில் போகும் இரண்டு சமிக்ஞைகளின் கூட்டலையும் கழித்தலையும் வைத்துச் சிந்திக்கும் பழக்கம் அந்த வேலைக்கு வேண்டும். பிறகு அவர் செய்த பெரிய காரியங்கள் பலவற்றில் இதே கூட்டலும் கழித்தலும் வருவதை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

1929இல், 25 வயதில், கொலம்பியா கிராஃபோஃபோன் நிறுவனத்தில் ஐசக் ஷோன்பெர்க்கின் கீழ்ச் சேர்ந்தார். அப்போது இசைத்தட்டு வெட்டும் கருவிக்கான காப்புரிமை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திடம் இருந்தது. விற்கும் தட்டுகளுக்கெல்லாம் ராயல்டி கட்ட வேண்டியிருந்தது. அந்தக் காப்புரிமையைத் தொடாமல் அதே வேலையைச் செய்யும் வேறு கருவி வேண்டும் என்பதே புளூம்லைனுக்குக் கிடைத்த முதல் பணி. அமெரிக்கக் கருவியில் இரும்புத் துண்டு ஒன்று அசையும். புளூம்லைனும் ஹெர்பர்ட் ஹோல்மனும் சேர்ந்து செய்த கருவியில் காந்தப் புலத்துக்குள் கம்பிச் சுருள் அசைந்தது. சுருளில் பாயும் மின்னோட்டம் இரட்டிப்பானால் அதன் மீதான விசையும் இரட்டிப்பாகும். இரும்புத் துண்டு அவ்வளவு நேர்மையாக நடந்துகொள்ளாது. ராயல்டியைத் தவிர்க்கச் செய்த கருவி, ராயல்டி கட்டிய கருவியைவிட நன்றாகப் பதிவு செய்தது.

1931இல் கொலம்பியாவும் கிராமபோன் கம்பெனியும் இணைந்து இஎம்ஐ ஆனது. கிராமபோன் கம்பெனி வேறு யாரும் அல்ல, நாய் கிராமபோன் குழாயை உற்றுக் கேட்கும் படம் போட்ட எச்எம்வி தட்டுகளை வெளியிட்டவர்கள்தாம். நம் தாத்தா பாட்டி காலத்து வீடுகளில் அந்த நாயைத் தெரியாதவர்கள் குறைவு. அதே ஆண்டு நவம்பரில் லண்டன் ஏபி ரோட்டில் இந்த நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடம் திறக்கப்பட்டது.

திரையின் இடப்பக்கம், குரல் வலப்பக்கம்

அந்த ஆண்டில்தான் அவர் டோரீன் லேன் என்ற இளம்பெண்ணோடு திரையரங்குக்குப் போனார். (இருவரும் 1933இல் திருமணம் செய்துகொண்டனர்.) பேசும் படங்கள் புதிதாக வந்த காலம். நடிகர் திரையின் ஒரு பக்கம் நிற்கிறார், குரலோ வேறு இடத்திலிருந்து வருகிறது. ஒலிபெருக்கி எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதானே வரும்! மற்றவர்கள் படத்தில் மூழ்கியிருக்க, இவருக்கு அது உறுத்தியது. நடிகர் நடக்கும் திசையில் குரலும் நடக்கும்படி செய்யத் தம்மிடம் வழி இருப்பதாக டோரீனிடம் சொன்னார். சில மாதங்களில் அந்த வழி 70 உரிமைக் கூற்றுகள் கொண்ட காப்புரிமை விண்ணப்பமாக வந்தது.

அதில் உள்ள அடிப்படைச் சிந்தனையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நம் வலப்பக்கம் ஒருவர் பேசினால் ஒலி வலது காதை முதலில் எட்டும். இடது காதுக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் தாமதமாக வரும். மூளை இந்தத் தாமதத்தை வைத்துத் திசையை அறிகிறது. எனவே தலையின் அகலத்தில் இரண்டு ஒலிவாங்கிகளை வைத்துப் பதிவு செய்து, இரண்டு ஒலிபெருக்கிகளில் போட்டால் போதும் என்று நமக்குத் தோன்றும். போதாது. ஹெட்ஃபோனில் இடது ஒலி இடது காதுக்கு மட்டும் போகிறது. ஒலிபெருக்கியிலோ இடது பக்கத்து ஒலி இரண்டு காதுகளுக்கும் போகும், வலது பக்கத்து ஒலியும் அப்படியே. நுணுக்கமான தாமதம் எல்லாம் அந்தக் கலப்பில் குழம்பிவிடும்.

புளூம்லைன் கண்டது இதுதான்: இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரே நேரத்தில் ஒலிக்கட்டும், ஒன்றைவிட மற்றொன்று சற்று உரக்க ஒலித்தால் போதும். இரண்டு ஒலிபெருக்கிகளின் அலைகளும் ஒவ்வொரு காதிலும் கூடும்போது, தாழ்ந்த அதிர்வெண்களில் அந்த உரப்பு வேறுபாடே காதருகே தாமத வேறுபாடாக மாறிவிடுகிறது. ஆகவே பதிவு செய்யும் இடத்தில் உள்ள தாமத வேறுபாட்டை முதலில் உரப்பு வேறுபாடாக மாற்ற வேண்டும். அதற்கு அவர் செய்த சுற்று, இரண்டு சமிக்ஞைகளைக் கூட்டி ஒரு சமிக்ஞை, கழித்து ஒரு சமிக்ஞை எடுத்து, கழித்ததைத் தேவைக்கேற்பத் திருத்தி, மறுபடி கூட்டியும் கழித்தும் இடது வலதாகப் பிரிக்கும். தொலைபேசிக் கம்பியில் கற்ற பாடம்!

இன்னோர் எளிய வழியும் அதே ஆவணத்தில் இருந்தது. முன்னும் பின்னும் மட்டும் கேட்டு, பக்கவாட்டில் செவிடாக இருக்கும் ஒலிவாங்கிகள் இரண்டை ஒரே இடத்தில், 90 பாகைக் கோணத்தில் குறுக்காக வைப்பது. ஒலி இரண்டையும் ஒரே கணத்தில் எட்டும். வரும் திசையைப் பொறுத்து ஒன்றில் கூடுதலாகவும் மற்றதில் குறைவாகவும் பதியும். இசைக்குழுக்களைப் பதிவு செய்யும் பொறியாளர்கள் இன்றும் இந்த அமைப்பைப் பயன்படுத்துகிறார்கள், புளூம்லைன் ஜோடி என்றே பெயர். இரண்டு ஒலித்தடங்களையும் ஒரே பள்ளத்தின் இரண்டு சுவர்களில், 45 பாகைச் சரிவில் வெட்டும் முறையும் அந்தக் காப்புரிமையிலேயே இருந்தது. ஸ்டீரியோவை அவர் ஒருவர் மட்டுமே தேடினார் என்று சொன்னால் அது நியாயம் ஆகாது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடமும் அதே ஆண்டுகளில் ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவோடு சோதனைகள் செய்தது. ஆனால் ஒலிவாங்கியிலிருந்து தட்டின் பள்ளம் வழியாக ஒலிபெருக்கி வரைக்கும் முழுச் சங்கிலியையும் ஒரே ஆவணத்தில் எழுதி வைத்தவர் இவர்.

1934 ஜனவரியில், ஏபி ரோட்டில் சர் தாமஸ் பீச்சம் லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்திக்கொண்டிருந்தார். இசை, மோட்சார்ட்டின் ஜூபிடர் சிம்ஃபொனி. புளூம்லைன் குழு தன் இரட்டைத் தடக் கருவியைக் கொண்டுபோய் அதைப் பதிவு செய்தது. 1935இல் ஹேய்ஸ் ரயில் நிலையத்தில் ரயில்கள் போய் வருவதை ஏறக்குறைய ஐந்து நிமிடப் படமாக எடுத்தார்கள். ரயில் திரையில் நகர, அதன் சத்தமும் கூடவே நகரும்.

அதோடு நின்றது. பொருளாதார மந்தக் காலம். ஒரு ஒலிபெருக்கி வாங்கவே மக்கள் யோசித்தபோது இரண்டு ஒலிபெருக்கியும் இரண்டு ஆம்பிளிஃபையரும் யார் வாங்குவார்கள்? நிறுவனம் கோப்பை மூடிவிட்டு, அவரைத் தொலைக்காட்சிக்கு மாற்றியது. 1936 நவம்பர் 2ஆம் தேதி அலெக்சாண்ட்ரா அரண்மனையிலிருந்து பிபிசி தொடங்கிய தொலைக்காட்சிச் சேவையில், இஎம்ஐ-யின் 405 வரி முறையை உருவாக்கிய குழுவில் அவர் முக்கியமானவர். அதைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும். நான் ஆம்பிளிஃபையருக்கே திரும்புகிறேன்.

எட்டு ஓம் என்ற பொய்

ஒலிபெருக்கியின் பின்பக்கம் 8 ஓம் என்று எழுதியிருக்கும். அது சராசரிக்குச் சொல்லும் எண். உண்மையில் அதன் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஓரிடத்தில் 6 ஓம் இருக்கும், தாழ்சுரத்தில் கூம்பு தன் இயல்பான அதிர்வில் ஆடும் இடத்தில் 30 ஓமுக்கு மேலும் போகும். ஆம்பிளிஃபையருக்கும் உள்ளே ஒரு மின்மறுப்பு உண்டு. இரண்டும் சேர்ந்து மின்னழுத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

ஒரு கணக்குப் போடுவோம். ஆம்பிளிஃபையரின் உள் மின்மறுப்பு 8 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி 8 ஓமாக இருக்கும் அதிர்வெண்ணில் மின்னழுத்தத்தில் பாதிதான் அதற்குக் கிடைக்கும். அது 32 ஓமாக ஏறும் அதிர்வெண்ணில் ஐந்தில் நான்கு பங்கு கிடைக்கும். இரண்டுக்கும் உள்ள விகிதம் 1.6, அதாவது ஏறக்குறைய 4 டெசிபல். இசையமைப்பாளர் எழுதாத ஓர் உரப்பு, ஒரு குறிப்பிட்ட தாழ்சுரத்தில் மட்டும் ஏறிவிடுகிறது. டபுள் பாஸ் வாசிக்கும்போது ஒரு சுரம் மட்டும் வீங்கிக் கேட்கும். டிம்பனி முரசை அடித்த பிறகும் அறை முனகும். உள் மின்மறுப்பு 0.4 ஓம் என்றால் அந்த வேறுபாடு 0.3 டெசிபலாகச் சுருங்கிவிடும். பாப் பாட்டில் இந்த வீக்கம் சிலருக்குப் பிடிக்கக்கூடும். செவ்விசையில் பொறுக்க முடியாது.

ஸ்டீரியோவில் இது இன்னும் மோசம். புளூம்லைனின் முறையில் வாத்தியம் எங்கே இருக்கிறது என்பதை உரப்பு வேறுபாடுதான் சொல்கிறது. இடது பக்க ஆம்பிளிஃபையர் ஒரு சுரத்தை இரண்டு மூன்று டெசிபல் கூட்டிவிட்டால் செல்லோக்காரர் அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் நாற்காலியோடு இடம் மாறி உட்கார்வார்.

1930களில் ஆம்பிளிஃபையர் என்றால் வால்வு. அதில் இரண்டு வகை. டிரையோடு வால்வின் உள் மின்மறுப்பு குறைவு, ஒலி சுத்தம், ஆனால் அதிலிருந்து கிடைக்கும் வாட் கொஞ்சம். பென்டோடு வால்வு தாராளமாக வாட் தரும், ஆனால் உள் மின்மறுப்பு மிக அதிகம். ஒலிபெருக்கியை அது கட்டுப்படுத்தாது. வால்வுக்குச் சில ஆயிரம் ஓம் சுமை வேண்டும், ஒலிபெருக்கியோ 8 ஓம். இடையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைப்பார்கள். சுற்றுகளின் விகிதம் 25க்கு 1 என்றால் மின்மறுப்பு விகிதம் அதன் வர்க்கம், 625. ஒலிபெருக்கியின் 8 ஓம், வால்வின் பார்வைக்கு 5,000 ஓமாகத் தெரியும். படிவம் 5 மாணவருக்கும் புரியும் கணக்குதான்.

பென்டோடு போன்ற வால்வுகளில் திரைக் கிரிட் என்று ஒரு வலை உண்டு. அதை நிலையான மின்னழுத்தத்தோடு இணைத்தால் பென்டோடாக வேலை செய்யும். ஆனோடோடு இணைத்தால் டிரையோடாக வேலை செய்யும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றே எல்லாரும் இருந்தார்கள். 1937இல் புளூம்லைன் அந்தக் கம்பியை இரண்டு இடத்திலும் இணைக்காமல், டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருளில் நடுவழியில் ஓர் இடத்தில் இணைக்கக் காப்புரிமை கேட்டார். வெளிவரும் சமிக்ஞையில் ஒரு பங்கு திரும்பி வந்து வால்வையே திருத்துகிறது. பென்டோடுக்கு நெருங்கிய திறனும் டிரையோடுக்கு நெருங்கிய அடக்கமும் ஒரே வால்வில் கிடைத்தன. கூடுதல் செலவு, டிரான்ஸ்ஃபார்மரில் கூடுதல் கம்பி முனைகள் மட்டும். எனக்கு அவருடைய வேலைகளில் மிகவும் பிடித்தது இது. இது அல்லது அது என்று இருந்த கேள்வியை, எந்த அளவுக்கு என்ற கேள்வியாக மாற்றிவிட்டார்.

அதையும் அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1951இல் அமெரிக்காவில் டேவிட் ஹாஃப்லரும் ஹெர்பர்ட் கெரோஸும், எந்த இடத்தில் இணைத்தால் சிதைவு மிகக் குறையும் என்று ஆராய்ந்து, அல்ட்ரா-லீனியர் என்ற பெயரோடு அதைப் பரப்பினார்கள். ஹாஃப்லரின் டைனகோ நிறுவனம் 1959இல் கொண்டுவந்த ஸ்டீரியோ 70, பக்கத்துக்கு 35 வாட் தரும் அல்ட்ரா-லீனியர் ஆம்பிளிஃபையர். வீட்டில் உட்கார்ந்து செவ்விசை கேட்டவர்களிடம் அது பெரும் புகழ் பெற்றது. பெயரிலும் ஸ்டீரியோ, உள்ளேயும் புளூம்லைன்.

35 வாட் போதுமா என்றால், ஒலிபெருக்கியைப் பொறுத்தது. 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தரும் ஒலிபெருக்கியில், இசைக்குழுவின் உச்சத்துக்கு 107 டெசிபல் வேண்டுமானால் 20 டெசிபல் ஏற வேண்டும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு என்பதால் 20 டெசிபலுக்கு நூறு மடங்கு, ஆக 100 வாட். அதே உச்சம், 1 வாட்டுக்கு 100 டெசிபல் தரும் கொம்பு வகை ஒலிபெருக்கியில் 5 வாட்டிலேயே வந்துவிடும். மெல்லிய ஓபோ இசைக்கு ஒரு வாட்டில் சிறு பங்கு போதும். ஆம்பிளிஃபையரின் விலையைக் கேட்பதற்கு முன் ஒலிபெருக்கியின் இந்த எண்ணைக் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தொடக்கத்தில் நான் சொன்ன தேர்வுச் சுற்று, லாங்-டெயில்டு பேர். அதையும் 1936இல் காப்புரிமையில் எழுதியவர் அவர்தான். இரண்டு சமிக்ஞைகளின் வேறுபாட்டை மட்டும் பெருக்கி, இரண்டுக்கும் பொதுவான இரைச்சலைத் தள்ளிவிடும் சுற்று இது. 1937 மே 12ஆம் தேதி, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலப் படம் ஹைட் பார்க் முனையிலிருந்து நீண்ட கேபிள் வழியாக ஒளிபரப்புக்குப் போனபோது இத்தகைய சுற்றுகள் தேவைப்பட்டன. இன்று டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபையர்களின் மூடியைக் கழற்றினால் பெரும்பாலானவற்றில் முதல் படியில் இருப்பது இதுவே. வால்வு சிறந்ததா டிரான்சிஸ்டர் சிறந்ததா என்று சண்டை போடும் இரு தரப்பும் இவருக்குக் கடன்பட்டவர்கள்.

வேலை பார்த்த 18 ஆண்டுகளில் அவர் பெயரில் 128 காப்புரிமைகள். ஆண்டுக்கு ஏழு.

வெளியே சொல்லாத மரணம்

போர் வந்தது. இஎம்ஐ பொறியாளர்கள் ராடார் வேலைக்குப் போனார்கள். 1942இல் அவர்களிடம் வந்த பணி, எச்2எஸ் என்ற ராடார். இரவிலும் மேகத்துக்கு மேலும் பறக்கும் குண்டுவீச்சு விமானத்துக்குக் கீழே உள்ள நிலத்தை வரைபடம்போல் திரையில் காட்டும் கருவி. அதன் இதயம், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1940இல் உருவான கேவிட்டி மேக்னட்ரான். அந்தச் சிறு செம்புத் துண்டு எதிரி கையில் கிடைத்துவிடக் கூடாது என்பது அன்றைய பிரிட்டனின் பெரிய கவலைகளில் ஒன்று.

1942 ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை. சோதனைக் கருவி பொருத்திய ஹாலிஃபாக்ஸ் விமானம், எண் வி9977, டெஃபோர்டு விமானத் தளத்திலிருந்து கிளம்பியது. உள்ளே 11 பேர். கருவி பறக்கும்போது எப்படி வேலை செய்கிறது என்று நேரில் பார்க்க புளூம்லைனும், அவருடைய இஎம்ஐ சகாக்கள் சிசில் பிரவுனும் ஃபிராங்க் பிளைத்தனும் ஏறியிருந்தனர். புளூம்லைனுக்கு விமானம் புதிதல்ல. இளமையிலேயே சிறு விமானம் ஓட்டக் கற்றவர். மாலையில் வெல்ஷ் பிக்னர் என்ற ஊருக்கருகே, வை ஆற்றுப் பக்கம், வலது வெளி இயந்திரத்தில் தீப்பிடித்தது. தீ இறக்கையைத் தின்றது. விமானம் விழுந்து 11 பேரும் இறந்தனர். புளூம்லைனுக்கு 39 வயதாக இன்னும் மூன்று வாரம் இருந்தது. வீட்டில் டோரீனும் இரண்டு மகன்களும்.

விசாரணையில் தெரிந்த காரணம் இது: பராமரிப்பின்போது இயந்திரத்தின் ஒரு வால்வுப் பகுதியில் மரை ஒன்று சரியாக முறுக்கப்படவில்லை. அது தளர்ந்து, வால்வு முறிந்து, எரிபொருள் பற்றிக்கொண்டது.

எச்2எஸ் திட்டத்தை நடத்திய பெர்னார்டு லவல் அன்றே விபத்து நடந்த இடத்துக்குப் போய், சிதைவுகளுக்கு நடுவில் மேக்னட்ரானைத் தேடி எடுத்து வந்தார். பின்னாளில் ஜோட்ரல் பேங்க் தொலைநோக்கியைக் கட்டிய அதே லவல். மரணச் செய்தி வெளியே போகவில்லை. இப்படி ஒரு பொறியாளர் இல்லை என்பது ஜெர்மனிக்குத் தெரியக் கூடாது. நாளிதழ்களில் இரங்கல் குறிப்பு வரவில்லை.

இஎம்ஐ-யில் மீதி இருந்தவர்கள் வேலையை முடித்தார்கள். 1943 ஜனவரி 30ஆம் தேதி இரவு, எச்2எஸ் முதன்முதலாகத் தாக்குதலில் பயன்பட்டது. குறி, ஜெர்மனியின் ஹம்பர்க் நகரம். தந்தை பிறந்த நாட்டின் நகரத்தை இருளில் கண்டுபிடிக்க மகன் செய்த கருவி. அவர் உயிரோடு இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று ஊகிக்க எனக்கு உரிமை இல்லை. நாஜிகளின் கையில் ஐரோப்பா இருந்த காலம் அது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நடிகரின் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று கவலைப்பட்டவரின் கடைசி வேலை இதுவாக அமைந்தது என்பதை என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை.

அத்தனை மௌனத்துக்கும் கிடைத்த பலன் எட்டு மாதம். 1943 பிப்ரவரித் தொடக்கத்தில் எச்2எஸ் பொருத்திய விமானம் ஒன்று ராட்டர்டாம் அருகே வீழ்த்தப்பட்டு, மேக்னட்ரான் ஜெர்மானியர் கைக்குப் போய்விட்டது. புளூம்லைன் பற்றிய மௌனம் மட்டும் நீண்டுகொண்டே போனது.

1957, 1958 வாக்கில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தன. ஒரே பள்ளம், இரண்டு சுவர், 45 பாகைச் சரிவு. அவர் காப்புரிமை காலாவதியாகியிருந்தது. தட்டை வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்? லண்டன் ஈலிங்கில் அவர் குடியிருந்த வீட்டில் 1977இல் நீலப் பலகை பதித்தார்கள். முழுமையான வாழ்க்கை வரலாற்று நூல்கள் 1999, 2000 வாக்கில்தான் வந்தன. 2015இல் ஏபி ரோட்டில் மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ-யின் நினைவுப் பலகை. 2017இல் கிராமி தொழில்நுட்ப விருது, இறந்து 75 ஆண்டுக்குப் பிறகு.

1934ஆம் ஆண்டு ஜூபிடர் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. ஹெட்ஃபோனில் கேட்காதீர்கள், அவர் ஒலிபெருக்கிக்காகத்தான் கணக்குப் போட்டார். இரண்டு ஒலிபெருக்கியையும் உங்களையும் சமபக்க முக்கோணமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தட்டின் கரகரப்புதான் காதில் விழும். கொஞ்ச நேரத்தில் அந்தக் கரகரப்புக்குப் பின்னால் வயலின்கள் ஒரு பக்கமும் தாழ்ந்த தந்திகள் வேறு பக்கமுமாகப் பிரிந்து, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, எதுவுமே இல்லாத இடத்தில், ஒரு கூடம் தெரியும்.